இடப்பக்கம் சுற்றிய கொடி

சென்ஸி படுத்துக்கொள்வது படம் எடுக்கும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் ஓட்டம்தான். ஹாப்ஸ் தோட்டத்தில் இரண்டு வரிசைக்கு நடுவே வெங்காயச் சாக்கு ஒன்றை விரித்து, மல்லாந்து படுத்து, கேமராவை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மேலே பார்ப்பாள். நான்கு ஆள் உயரத்தில் பந்தல் கம்பிகள். அவற்றிலிருந்து தரைக்கு இறங்கும் மெல்லிய கம்பிகள். அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடிகள். இரு பக்கமும் நிற்கிற கம்பங்கள் மேலே போகப்போக நெருங்கி வந்து, நடுவில் ஒரு கீற்று வானத்தை மட்டும் விட்டுவைக்கும். இப்படிப் படுத்திருக்கும்போது இடுப்பு வலி கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள். பல நாள் அப்படியே தூங்கியும் போய்விடுவாள்.

டிராக்டரில் அந்த வழியாகப் போகிற பார்ட்டில் என்கிறவன் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பான். பக்கத்துத் தோட்டக்காரன். வாய் சும்மா இருக்காது.

"சென்ஸி, உசிரோட இருக்கியா, இல்ல பாதிரியாரைக் கூப்பிடட்டுமா?"

"வெளிச்சத்தை மறைக்காம போடா."

எங்கள் ஹல்லர்டாவில் மலையும் கிடையாது, ஏரியும் கிடையாது. மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய வரை ஹாப்ஸ் பந்தல்தான். பீரில் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் இங்கே கையைக் காட்டலாம், இந்தக் கொடியின் பூவில்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கோடையில் காரை நிறுத்தி, பச்சைச் சுவர் போல நிற்கும் கொடிகளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் எடுப்பதில்லை. தினமும் முதுகை ஒடிக்கிற இடத்தை யார் படம் எடுத்து மாட்டுவார்கள்? சென்ஸி ஒருத்திதான் எடுத்தாள்.

ஞானஸ்நானப் பெயர் கிரெசென்ஸியா. சிற்றாலயத்து மேட்டு வீட்டுக்கு, வெண்டெலினுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மூத்த மகளின் முதல் நற்கருணைக்காக ஒரு கேமரா வாங்கினார்கள். விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகு சுருளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாகக் கூடாதே என்று மறுநாள் காலையில் மூடுபனியில் தோட்டத்துக்குப் போய்ச் சொடுக்கிவிட்டு வந்தாள். கழுவி வந்தபோது நற்கருணைப் படத்தில் பாதிப்பேருக்குக் கண் மூடியிருந்தது. பனிப்படம் மட்டும் கண்ணைப் பறித்தது. கம்பிகளைப் பனி தின்றுவிட்டதால் கம்பங்கள் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டும் உறவும் இல்லாமல் நின்றன. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அவளை விடவே இல்லை.

எடுத்த மாதிரியே மறுபடியும் எடுக்க மாட்டாள். குளிர்காலம் முடிகிற சமயத்தில் டிராக்டருக்குப் பின்னால் உயர்த்திய மேடையில் நின்று புதுக் கம்பிகளைப் பந்தலில் கட்டுவது இங்கே வழக்கம். கை விறைத்துப்போகும். வியோரிக்கா இரண்டு கம்பி கட்டுகிற நேரத்தில் சென்ஸி ஒன்றைக் கட்டிவிட்டு, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கேமராவை எடுப்பாள். வியோரிக்கா ருமேனியாவிலிருந்து ஆண்டுதோறும் வேலைக்கு வருகிறவள். அவளே சென்ஸியின் பங்கையும் சேர்த்துக் கட்டிவிடுவாள். மேலிருந்து பார்த்தால் கம்பிகளின் நிழல் உழுத மண்ணில் கோடு கோடாக விழுந்திருக்கும். காற்றடிக்கும் நாளில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணை நெடுநேரம் திறந்துவைப்பாள். கொடிகள் ஆடி ஆடிப் புகையாகிவிடும். கம்பங்கள் மட்டும் அப்படியே நிற்கும்.

இதெல்லாம் வேலைக்கு நடுவே திருடிய நேரம். அவளுடைய நேரம் என்று ஒன்று தனியாக எங்கே இருந்தது? கோழி, கணக்கு, மாமனாருக்கு மருந்து, அவர் போன பிறகு கல்லறைக்குப் பூ, அறுவடைக்கு வருகிற ஆட்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. ஒரு வேலை முடிந்தால் இன்னொன்று வாசலில் நிற்கும்.

வெண்டெலின் தடுத்ததும் இல்லை, தட்டிக்கொடுத்ததும் இல்லை. "படம் புடிச்சா பூ பெருசாயிடுமா?" என்று கேட்பான், அவ்வளவுதான். அவள் எடுத்த படத்தை நின்று பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. மேசையில் பரப்பிவைத்தால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு ரொட்டியை வைத்துக்கொள்வான்.

அவனுடைய தோட்டத்தில் ஒரு கம்பம் உண்டு. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் வெண்டெலின் தன் கையால் நட்டது. நடும்போதே சிற்றாலயத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. அவனுடைய அப்பா பிடுங்கி நடச் சொன்னார். இவன் வீம்புக்கு மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டான். முப்பது வருடமாக அது அப்படியே சாய்ந்து நிற்கிறது, விழவும் இல்லை. எங்கள் ஊரில் யாராவது குடித்துவிட்டுத் தள்ளாடினால், "வெண்டெலின் கம்பமாட்டம் நிக்கிறான் பாரு" என்பார்கள். அவன் காதுபடவே சொல்வார்கள். அவனும் சிரித்துவைப்பான்.

சென்ஸியின் படங்கள் ஊருக்குள் புழங்காமல் இல்லை. உரக்கடை நாட்காட்டியில் ஒன்று வந்தது, பெயர் போடவில்லை. விவசாயிகள் சங்கத்தின் செய்திமடலில் ஒன்று வந்தது, கீழே "வெண்டெலின் தோட்டம்" என்று போட்டிருந்தார்கள். நல்ல பச்சை, நல்ல விளைச்சல் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் ஒரே ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும். கீழே தன் பெயர் இருக்க வேண்டும். இதைக்கூட வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வெட்கம்.

அப்படியிருக்கும்போது சங்கம் புதுக் கூடம் கட்டியது. பெரிய சுவர் ஒன்று வெறிச்சென்று நின்றது. தலைவர் ஓட்மார் குளிர்காலத்திலேயே சென்ஸியைத் தேடி வந்தார்.

"அந்தச் சுவர் முழுக்க உன் படம் ஒண்ணு போடலாம்னு இருக்கோம். அறுவடை விருந்துல திறக்கணும். உன் பேரைப் பித்தளைத் தகட்டுல போட்டுடறேன். சரியா?"

சென்ஸி காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் கோப்பை நிரம்பியும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சுவருக்கென்று ஒரு படம் யோசித்தாள். ஒரே இடத்தில் நின்று மார்ச் மாதம் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை எடுப்பது. மார்ச்சில் வெறும் கம்பமும் கம்பியும். ஆகஸ்டில் உச்சிவரை கொடியும் பூவும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தால் பச்சைக்குள்ளே பந்தலின் எலும்பு தெரியும். கோடையில் பார்க்கிறவர்களுக்குக் குளிர்காலத்தில் கை விறைத்தது தெரிய வேண்டும் என்று நினைத்தாள். வெண்டெலின் கம்பம் இடது ஓரத்தில் வரும்படி இடம் பார்த்து, முக்காலியின் கால்கள் மாறாமல் இருக்க மூன்று இரும்பு முளைகளை வரிசைக்கு நடுவே அடித்துவைத்தாள்.

முதல் தடவை உழும்போதே ஒரு முளை கலப்பையில் மாட்டியது. வெண்டெலின் இறங்கி வந்து கத்தினான்.

"கலப்பை போச்சுன்னா உன் கேமராவை வெச்சா உழுவேன்?"

"முளையை மட்டும் எடுத்துடாத. கெஞ்சிக் கேக்கறேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே டிராக்டரில் ஏறினான். ஆனால் கோடை முழுக்க அந்த முளைகள் இடம் பெயரவில்லை. சுற்றிலும் களை முளைத்துக் கிடந்தது.

ஆகஸ்டில் அறுவடை தொடங்குவதற்கு முந்தின நாள் தூறலோடு வெளிச்சம் வந்தது. வியோரிக்கா குடை பிடிக்க, சென்ஸி இரண்டாவது படத்தை எடுத்தாள். அதற்கப்புறம் அறுவடை வந்துவிட்டது. அறுவடை என்றால் என்னவென்று இங்கே யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும். கொடியின் சுணை கையெல்லாம் கீறித் தடித்திருக்கும். விரல்களில் பிசின் கறுத்து ஒட்டியிருக்கும், ரொட்டியைத் தொட்டால் ரொட்டியும் கசக்கும். பூ காயும் மணத்துக்கு ஆளைத் தூங்கவைக்கிற குணம் வேறு உண்டு. வெண்டெலின் காயவைக்கும் மாடியே கதியென்று கிடந்தான். சென்ஸிக்கு அடுப்படியே கதி.

அந்த நாட்களில் ஒரு மாலை ஓட்மார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"படத்தை அச்சுக்கு அனுப்பணும், சென்ஸி. ஒரு சிக்கல். சுவரோட இடது ஓரத்துல சமையலறைக் கதவு திறக்குது. உன் புருஷனோட கோணல் கம்பம் கதவுக்குப் பின்னால போயிடும். அதுதான் படத்துக்கே அழகு. வேற ஏதாவது பண்ண முடியுமா?"

அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. சென்ஸி பிசின் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். படத்தை இடம் வலமாகத் திருப்ப ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினாள். கம்பம் வலது ஓரத்துக்குப் போய்விட்டது. கண் சொக்கியது. அனுப்பிவிட்டு உருளைக்கிழங்கை வடித்தாள்.

என்ன செய்தாள் என்பதை எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகூடச் சொல்லும். ஹாப்ஸ் கொடி வலமாகத்தான் சுற்றி ஏறும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகிற பக்கம். வசந்தத்தில் இளங்கொடிகளைக் குனிந்து குனிந்து கம்பியில் சுற்றிவிடும்போது தப்பித்தவறி இடப்பக்கமாகச் சுற்றினால், கொடி ஏறாது. அவிழ்ந்து தரையில் கிடக்கும். சென்ஸி சிறுபிள்ளையிலேயே அப்படிச் சுற்றி அம்மாவிடம் கையில் அடி வாங்கியவள்தான். ஒருவனை அடிமுட்டாள் என்று சொல்ல வேண்டுமானால் இங்கே "இடஞ்சுத்தி" என்பார்கள். அதற்கு மேல் திட்டு இல்லை. படத்தைத் திருப்பியபோது அவள் கம்பத்தைத்தான் பார்த்தாள், கொடியைப் பார்க்கவில்லை.

விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, உருளைக்கிழங்கு சாலட் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். படம் சுவர் முழுக்க இருந்தது. முதலில் பித்தளைத் தகட்டைப் பார்த்தாள். கிரெசென்ஸியா ராட்ல்மயர். எழுத்துப் பிழை இல்லாமல் முழுப்பெயர். அண்டாவை இறக்கிவைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்று நிமிர்ந்தாள். மார்ச் மாதத்துக் கம்பிகள் ஆகஸ்ட் இலைகளுக்குள்ளே மெலிதாக ஓடின. நினைத்தபடியே வந்திருந்தது. அழுகை முட்டியது.

கண் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. கண் ஏறும்போது கையும் தானாகக் காற்றில் சுற்றியது, இத்தனை வருடப் பழக்கம். கை ஒரு பக்கம் போனது, கொடி இன்னொரு பக்கம் போனது. சென்ஸியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. 

ஓட்மார் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் வந்தார்.

"பாத்தியா? கதவு இடிக்கல. எப்படி இருக்கு?"

"இதைக் கழட்ட முடியுமா?"

"கழட்டுறதா? சுவத்தோட ஒட்டியாச்சு. இனி உரிச்சா காரையோடதான் வரும். ஏன், என்ன குறை?"

சென்ஸி அவர் முகத்தைப் பார்த்தாள். ஐம்பது வருடமாக ஹாப்ஸ் சுற்றுகிற மனிதர். படத்துக்குக் கீழே நின்றுகொண்டு கேட்கிறார்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

வீட்டுக்கு வந்து வெண்டெலினிடம் சொல்லிவிட நினைத்தாள். அவன் கடைசியாகக் காய்ந்த பூவை இறக்கிவிட்டு வந்து, சூப் கிண்ணத்துக்கு முன்னால் கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமையே கூடத்துக்குப் பெஞ்சு இறக்கப் போனவன். படத்தைப் பார்த்திருப்பான். ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இருபது வருடத்தில் பார்க்காதவன் இப்போது மட்டும் பார்த்துவிடப் போகிறானா? கரண்டியை அவன் கையிலிருந்து மெதுவாக எடுத்துவைத்தாள். நாளைக்கு ஊர் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துச் சிரிக்கும், பார்ட்டில் சாகிற வரை சொல்லிச் சிரிப்பான், தன் முழுப்பெயர் கீழே பளபளவென்று இருக்கும். பெயர் போடாமலே இருந்திருக்கலாம் என்று முதல்முறையாக நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெண்டெலின் வரவில்லை. கோயிலிலிருந்து நேராகக் கூடத்துக்குப் போனபோது அவன் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். கடைசி வண்டியில் வந்த கொடிகளைப் பூவோடு எடுத்துவைத்து, விருந்தன்று கூடத்து வாசலில் கட்டுவது எங்கள் வழக்கம். வெண்டெலின் அந்தக் கொடிகளையெல்லாம் படத்தின்மேல் திரைபோலக் கட்டிக்கொண்டிருந்தான். ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளி விடாமல். கம்பம் மறைந்துவிட்டது. பித்தளைத் தகடும் மறைந்துவிட்டது.

"என்ன பண்ற?"

"அலங்காரம்."

"வாசல்லதானே கட்டுவாங்க?"

"வாசல்ல காத்தடிக்குது," என்றான் வெண்டெலின், திரும்பிப் பார்க்காமல்.

சென்ஸிக்கு முதலில் வந்தது நிம்மதி. அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது. மானம் தப்பியதுதான், ஆனால் அவன் மறைத்தது தப்பைத் தெரிந்து இல்லையே. சுவரில் பெண்டாட்டி எடுத்த படம் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை, ஆணி அடிக்க இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

கூடம் நிறைந்தது. பன்றி இறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும் பரிமாறினார்கள். மேலிருந்து உதிர்ந்த பூவைப் பார்ட்டில் தன் பீரிலிருந்து எடுத்துப் போட்டான்.

"ஏற்கெனவே கசக்குதுய்யா, இன்னும் எதுக்கு?"

ஓட்மார் எழுந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். கட்டிடக்காரருக்கு, பாதிரியாருக்கு, பெஞ்சு கொடுத்தவர்களுக்கு. கடைசியில் சுவரைக் காட்டினார்.

"நம்ம சென்ஸியோட படமும் இங்கதான் இருக்கு. இலைக்குப் பின்னாடி எங்கயோ. தேடிப் பாத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் தேடவில்லை, உருண்டை ஆறிவிடும். சாஸ் கிண்ணத்தோடு அடுப்படி வாசற்படியில் நின்ற சென்ஸி அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

வியோரிக்கா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சென்ஸி துடைத்து அடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் வெண்டெலின் எச்சில் தட்டுகளைச் சுமந்துகொண்டு வந்து வைத்தான். சென்ஸி தட்டைத் துடைத்தபடியே கேட்டாள், குரலை உயர்த்தாமல்.

"உனக்கு மூடறதுக்கு வேற இடமே கிடைக்கலையா? இத்தன வருஷத்துல ஒரு படம். ஒரே ஒரு படம்."

"அது இடஞ்சுத்தி, சென்ஸி."

அவள் கையிலிருந்த துணி நின்றது. வியோரிக்கா குழாயை மூடினாள்.

"எப்பப் பாத்த?"

"வெள்ளிக்கிழமை. பெஞ்சு இறக்கறப்ப."

"கொடியைப் பாத்தா கண்டுபுடிச்ச?"

"கொடியை யாரு பாத்தா. கம்பத்தைப் பாத்தேன். என் கம்பம் சிற்றாலயத்துப் பக்கம்தான் சாயும். அதை வெச்சு ஊரே முப்பது வருஷமா என்னைச் சிரிக்குது, எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரியாதா? என்னடா இது இந்தப் பக்கம் சாயுதேன்னு பாத்தேன். அப்புறம்தான் கொடி."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ தூங்கியிருக்க மாட்ட. ஏற்கெனவே தூக்கமில்லாமதான் சாகற." அவன் தட்டுகளைத் தேவையில்லாமல் நேராக்கினான். "என்னைச் சிரிச்சா எனக்குப் பழக்கம். உனக்கு வேண்டாம்னு பாத்தேன்."

சென்ஸி ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். களைப்பு காலிலிருந்து ஏறியது. எத்தனையோ கேட்கலாம் போல இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"எவ்வளவு நேரம் பாத்த?"

"எதை?"

"படத்தை."

வெண்டெலின் கன்னத்தைச் சொறிந்தான். "ஓட்மார் வந்து பெஞ்சை இறக்குடான்னு கத்துற வரைக்கும்."

"எப்படி இருந்துது?"

"மார்ச்சுல கம்பி கட்டறப்ப இடுப்பு வலிக்கும்ல," என்றான் அவன். "அந்த வலி வந்துது எனக்கு. கோடைப் படத்தைப் பாத்துட்டு."

சென்ஸி துணியை மடித்துவைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து கொடி அறுக்கும் கத்தியை எடுத்தாள். வெண்டெலின் புரிந்துகொண்டு குறுக்கே வந்தான்.

"வேண்டாம். மானம் போயிடும்."

"போகட்டும். பாத்துட்டுச் சிரிக்கட்டும். பாக்காம இருக்கறதைத்தான் என்னால தாங்க முடியல."

ஏணி இன்னும் அங்கேயே இருந்தது. அவள் ஏறினாள். பேச்சுச் சத்தத்தில் யாரும் முதலில் கவனிக்கவில்லை. கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கொடிகள் பெஞ்சின்மேல், தோளின்மேல், சாலட்டின்மேல் சரிந்தன. யாரோ திட்டினார்கள். கடைசிக் கட்டும் விழுந்தபோது கூடம் அடங்கிவிட்டது. சென்ஸி ஏணியிலேயே நின்றாள்.

பார்ட்டில்தான் முதலில் எழுந்தான். தலையில் ஒரு கொடி தொங்க, அண்ணாந்து பார்த்தான். அவன் வலது கை காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"எந்த நாட்டு ஹாப்ஸ் இது, சென்ஸி? கண்ணாடிக்குள்ள வெளைஞ்சுதா?"

கூடம் முழுக்கக் கைகள் காற்றில் சுற்றின. அப்புறம் சிரிப்பு வெடித்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஓட்மார் முகத்தில் ஈயாடவில்லை. சென்ஸி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அறுவடையில தூங்கிட்டே திருப்பிட்டேன்," என்றாள். "கதவு இடிக்குதுன்னாங்க. கம்பத்தைக் காப்பாத்தப் போய்க் கொடியைக் கெடுத்துட்டேன்."

அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள். ஆனால் யாரும் உட்காரவில்லை. தப்பு இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொருவராகச் சுவரை நெருங்கினார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒருத்தி பெஞ்சின்மேல் ஏறினாள்.

"இது வெண்டெலின் கம்பம்யா. பாரு, கோணல் தெரியுது."

"அந்தப் பக்கம்ல சாயும்?"

"அதான் திருப்பியிருக்கே."

"அது சரி, பூவும் இருக்கு, வெறும் கம்பியும் இருக்கு. எப்ப எடுத்தது இது?"

"ரெண்டும்தான்," என்றாள் சென்ஸி ஏணியிலிருந்து. "மார்ச்சும் ஆகஸ்டும்."

"ஒரே படத்துலயா?"

"ஆகஸ்ட்ல நான்தான் குடை பிடிச்சேன்," என்று வியோரிக்கா அடுப்படி வாசலிலிருந்து சொன்னாள். ஈரக் கையோடு கூட்டத்துக்குள் நுழைந்து, தான் நின்ற இடம் எது என்று படத்துக்கு வெளியே சுவரில் தொட்டுக் காட்டினாள்.

வாக்குவாதம் கிளம்பிவிட்டது. மார்ச் கம்பி எது, ஆகஸ்ட் கம்பி எது என்று விரல் வைத்துத் தேடினார்கள். மூன்றாவது கம்பத்தில் கம்பி தளர்ந்திருக்கிறது என்று ஒருவர், அது காற்று என்று இன்னொருவர். பார்ட்டில் தன் தோட்டத்து ஓரம் பின்னால் தெரிகிறது என்று கண்டுபிடித்து, அதில் களை தெரிகிறதே என்று வெட்கப்பட்டான். பித்தளைத் தகட்டை யாரோ சட்டைக் கையால் துடைத்தார்கள்.

வெண்டெலின் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவளை இறக்கினான். சுவரோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஓட்மார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சரியான பக்கமா மறுபடி அச்சடிச்சு ஒட்டிடலாம், சென்ஸி. கதவு இடிச்சா இடிக்கட்டும்."

சென்ஸி வெண்டெலினைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்," என்றான் வெண்டெலின். "முப்பது வருஷமா ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது. கொஞ்ச நாள் இந்தப் பக்கமும் சாஞ்சுக்கட்டும்."

சென்ஸி சிரித்தாள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கண்ணை ஒரு நிமிடம் மூடினாள். கீழே விழுந்து கிடந்த பூக்களின் மணம் மூக்கில் ஏறியது. அவர்கள் தன் படத்தைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டாள். இருபது வருடமாகக் காத்திருந்த பேச்சு. "இந்த எடத்தைப் பாரு, இந்த எடத்தைப் பாரு" என்று பார்ட்டில் யாரையோ கூப்பிட்டது வரைக்கும் அவளுக்குக் கேட்டது. அதற்குள் தூங்கிவிட்டாள்.

யாரும் அவளை எழுப்பவில்லை. மிச்சத் தட்டுகளை வெண்டெலின் கழுவினான். இரண்டு உடைந்தன.